மோட்டார்ச் சைக்கிளும் மூவகைக் கட்டுப்பாடும்

இரு சில்லுகள் மீது விரைந்து செல்லும் மோட்டார்ச் சைக்கிள் நிலத்தைத் தொடும் இடம் மிகச் சிறிது. முன் ரயர் உள்ளங்கை அளவான ஒரு பரப்பினாலும், பின் ரயர் அதனிற் சற்றே பெரிய ஒரு பரப்பினாலும் வீதியைப் பற்றி நிற்கின்றன. வண்டியை முன்செலுத்துதல், திருப்புதல், நிறுத்துதல் ஆகிய மூன்று தொழில்களும் இவ்விரு சிறு பரப்புக்களின் வழியாகவே நடைபெறல் வேண்டும். அவை வீதியைப் பற்றும் ஆற்றல் குன்றுமாயின், எத்துணைச் சிறந்த எஞ்சினும் எத்துணைத் தேர்ந்த கையும் பயன்படா.

அண்மைக் காலத்து மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றின் கைபிடியருகே சில பொத்தான்கள் அமைந்துள்ளன. அவற்றால் மூன்று அமைப்புக்களைச் செலுத்துவோன் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒன்று எஞ்சினின் வலு எவ்வாறு வெளிப்படல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வலுநிலை. இதனைப் பவர் மோட் என வழங்குவர். மற்றொன்று பின் சில்லு வீணே சுழலாது காக்கும் இழுவைக் கட்டுப்பாடு. இது ட்ரக்‌ஷன் கொன்ட்ரோல் எனப்படும். மூன்றாவது பிறேக்குப் பிடிக்கும்போது சில்லு பூட்டுண்டு நில்லாது தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு.

இவற்றைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. எல்லாவற்றையும் உச்ச அளவில் வைத்துவிட்டால் எவ்விடத்தும் ஆபத்தில்லை என்பர் ஒரு சாரார். தேர்ந்த கைக்கு இவை தடையே. எல்லாவற்றையும் நீக்கி ஓட்டுதலே திறமை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துக்களும் ஒரே பிழையினின்று பிறந்தவை. கட்டுப்பாடுகள் ரயருக்குப் பிடிப்பை உண்டாக்குகின்றன என எண்ணுவதால் முன்னவர் அளவு கடந்து நம்புகின்றனர். பிடிப்பு என்றும் தம் கையின் ஆட்சிக்குள் நிற்கும் என எண்ணுவதாற் பின்னவர் அளவு கடந்து துணிகின்றனர். உண்மையில், பிடிப்பைத் தருவது வீதியும் ரயருமே. கட்டுப்பாடுகள் செய்வது அவ்விரண்டும் தந்த முதலைச் சிக்கனமாகச் செலவிடுதல் மாத்திரமே. இவ்வுண்மையைத் தெளிந்த பின்னரே எதனை எங்கே எவ்வளவில் வைத்தல் தகும் என்பது விளங்கும்.

பிடிப்பின் இயல்பு

ஒரு பொருளின் மீது மற்றொரு பொருள் வழுக்காது நிற்றற்குக் காரணமான விசை உராய்வு எனப்படும். அதன் உச்ச அளவு, பொருள்களை அழுத்தும் நிறையையும் உராய்வுக் குணகத்தையும் பொறுத்தது என்பதனை மாணவர் அறிவர். உலர்ந்த தார் வீதியில் இக்குணகம் 0.8 எனவும், நனைந்த வீதியில் 0.6 எனவும் கொண்டால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி உலர்ந்த வீதியில் ஏறத்தாழ 18 மீற்றரிலும், நனைந்த வீதியில் ஏறத்தாழ 24 மீற்றரிலும் நிற்கும். இவை பிறேக்கு முழுமையாகப் பற்றிய பின் செல்லும் தூரங்கள். ஆபத்தைக் கண்டு கை தொழிற்படுவதற்கு ஒரு செக்கன் கழியுமாயின், அதற்குள் வண்டி மேலும் 17 மீற்றர் ஓடிவிடும். வேகம் இரட்டிக்குமாயின் பிறேக்குத் தூரம் நான்கு மடங்காகும். இக்கணக்கை எந்தப் பொத்தானாலும் மாற்றுதல் இயலாது.

ரயரின் பிடிப்பு பற்றி இன்னுமொரு நுட்பம் உளது. ரயர் சிறிதளவு வழுக்கும்போதே அதன் பிடிப்பு உச்சத்தை அடைகின்றது. வண்டி செக்கனுக்கு 20 மீற்றர் செல்ல, சில்லின் விளிம்பு 17 மீற்றர் வேகத்திற் சுழலுமாயின் வழுக்கல் நூற்றுக்குப் பதினைந்து எனப்படும். தார் வீதியில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரையான வழுக்கலிலேயே பிடிப்பு மிகுதியாயிருக்கும். அதனைக் கடந்தால் பிடிப்புக் குறையத் தொடங்கும். சில்லு முற்றாகப் பூட்டுண்டால் வண்டியைப் பக்கவாட்டில் தாங்கும் ஆற்றல் அறவே அழியும். நான்கு சில்லு வண்டிக்கு இது திசை தவறுதலாக முடியும். இரு சில்லு வண்டிக்கோ வீழ்ச்சியாகவே முடியும். மோட்டார்ச் சைக்கிள் தன் சமநிலையைக் காத்துக்கொள்வது முன் சில்லு இடைவிடாது சிறிது சிறிதாகத் திரும்புவதனாலேயாம். முன் சில்லு பூட்டுண்டபோது அத்திருப்பம் பயனற்றுப் போகின்றது.

மூன்றாவதாக, பிடிப்பு என்பது பங்கிடப்படும் பொருள். வளைவில் திரும்பும் ரயர் தன் பிடிப்பின் ஒரு பகுதியைப் பக்கவிசைக்குச் செலவிடுகின்றது. எஞ்சியதே பிறேக்குக்கும் வேகவளர்ச்சிக்கும் உதவும். ஏறத்தாழ 34 மீற்றர் ஆரையுடைய வளைவொன்றை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் கடக்கும் வண்டி ஏறக்குறைய 30 பாகை சாய்தல் வேண்டும். குணகம் 0.8 ஆகிய உலர்ந்த வீதியில், இச்சாய்வின்போது பிறேக்குக்கு எஞ்சும் பிடிப்பு முழுப் பிடிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 69 ஆகும். குணகம் 0.6 ஆகக் குறைந்த நனைந்த வீதியிலோ, அதே சாய்வில் எஞ்சுவது நூற்றுக்கு 27 மாத்திரமே. பிடிப்பு காற்பங்கு குறைய, பிறேக்குக்கு உதவும் மிச்சமோ பாதியினும் கீழாகி விடுகின்றது. மழை நாளில், பழகிய வளைவிலேயே பழகிய கைகள் தவறுவதன் காரணம் இதுவே.

ஏ.பி.எஸ். தொழிற்படும் முறை

பிறேக்குப் பிடித்தவுடன் வண்டியின் நிறை முன்னோக்கிச் சாய்கின்றது. இரு சில்லுகளுக்கும் இடைத்தூரம் 1.4 மீற்றரும், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.7 மீற்றரும் உடைய ஒரு வண்டி, நிற்கும்போது இரு சில்லுகளும் நிறையைச் சமமாகத் தாங்குவதாகக் கொள்க. உலர்ந்த வீதியில் முழு வலிமையுடன் பிறேக்குப் பிடிக்கும்போது முன் சில்லு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறையைத் தாங்கும். பின் சில்லுக்குப் பத்துப் பங்கே எஞ்சும். ஆகவே நிறுத்தும் தொழிலைப் பெரும்பாலும் முன் சில்லே செய்கின்றது. பின் சில்லோ எளிதிற் பூட்டுண்ணும் நிலையை அடைகின்றது.

ஏ.பி.எஸ். அமைப்பில் ஒவ்வொரு சில்லின் அருகும் துளைகளிட்ட ஒரு வளையமும் அதன் சுழற்சியை எண்ணும் ஓர் உணரியும் உள. வண்டியின் வேகம் குறைவதைக் காட்டிலும் சில்லின் வேகம் திடீரென மிகுதியாகக் குறையுமாயின், சில்லு பூட்டுண்ணப் போகின்றது எனக் கணினி அறிந்துகொள்ளும். உடனே வால்வுகள் திறந்து பிறேக்கு எண்ணெயின் அமுக்கத்தைத் தளர்த்தும். சில்லு மீளச் சுழன்றதும் அமுக்கம் மீண்டும் ஏற்றப்படும். ஒரு செக்கனுள் இது பன்முறை நிகழும். அப்போது பிறேக்குப் பிடியில் ஒரு துடிப்புத் தோன்றும். அத்துடிப்பைக் கண்டு அஞ்சிக் கையைத் தளர்த்துதல் பெரும் பிழை. அமைப்பு தொழிற்படுகின்றது என்பதற்கு அதுவே அடையாளம்.

இவ்வெண்ணம் புதியதன்று. விமானச் சில்லுகளுக்கென அமைக்கப்பட்ட மாக்சறெற் என்னும் கருவியை இங்கிலாந்தின் வீதி ஆராய்ச்சிக் கூடத்தார் 1958 ஆம் ஆண்டிலே றோயல் என்பீல்ட் மோட்டார்ச் சைக்கிளொன்றிற் பொருத்திச் சோதித்தனர். வழுக்கும் வீதிகளில் நிறுத்தும் தூரம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. எனினும் அது விற்பனைக்கு வரவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1988 இல், ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் கே 100 வகை வண்டியில் மின்னியல் முறையான ஏ.பி.எஸ். அமைப்பை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய வகைகளுக்கு 2016 முதல் இதனைக் கட்டாயமாக்கியது. அத்தகைய புதிய வண்டிகள் யாவற்றுக்கும் 2017 முதல் இவ்விதி நீடிக்கப்பட்டது. இந்தியாவில் 2018 ஏப்ரிலிற் புதிய வகைகளுக்கும், 2019 ஏப்ரிலிற் புதிய வண்டிகள் யாவற்றுக்கும் இத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது.

இவ்விதிகளுக்குத் தக்க சான்று உண்டு. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளையும் அஃதில்லாத அதே வகை வண்டிகளையும் ஒப்பிட்ட அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிலையம், உயிரிழப்பு விபத்துக்களின் வீதம் முன்னவற்றில் நூற்றுக்கு 31 குறைவெனத் தன் 2013 ஆம் ஆண்டு ஆய்விற் கண்டது. பின்னர்ப் புதுக்கப்பட்ட ஆய்வில் இக்குறைவு 22 ஆகக் காணப்பட்டது. எண் மாறினும் அது காட்டும் திசை மாறவில்லை.

ஆயினும் இவ்வமைப்புக்கும் எல்லை உண்டு. தளர்ந்த சரளையிலும் மணலிலும் பூட்டுண்ட சில்லு தனக்கு முன்னே கற்களைக் குவித்துக்கொள்ளும். அக்குவியலே ஒரு தடையாகி வண்டியை நிறுத்த உதவும். சில்லைச் சுழலவிடும் ஏ.பி.எஸ். அக்குவியலைத் தோன்றவிடாது, ஆதலின் அவ்விடங்களில் நிறுத்தும் தூரம் நீளக்கூடும். செங்குத்தான சரளை இறக்கத்தில் இது அபாயமாகும். இதுபற்றியே காட்டுவழிக்கென அமைந்த வண்டிகள் பலவற்றிற் பின் சில்லின் ஏ.பி.எஸ்.ஐ மாத்திரம் நீக்கிவைக்க இடமளிக்கப்பட்டுள்ளது. ஹொண்டா நிறுவனம் 2016 இல் மீள வெளியிட்ட ஆபிரிக்கா ருவின் என்னும் வண்டியிற் பின் சில்லின் ஏ.பி.எஸ்.ஐ நீக்கலாம், முன் சில்லினதை நீக்க இயலாது. பின் சில்லு வழுக்கினால் தேர்ந்தவன் தாங்கிக்கொள்வான். முன் சில்லு வழுக்கினால் எவனும் தாங்குதல் அரிது என்னும் அனுபவமே இவ்வமைப்பிற் பொதிந்துள்ளது.

இழுவைக் கட்டுப்பாடு

ஏ.பி.எஸ். நிறுத்தும்போது செய்வதனை, இழுவைக் கட்டுப்பாடு முன்செலுத்தும்போது செய்கின்றது. அதே உணரிகள் முன் சில்லின் வேகத்தையும் பின் சில்லின் வேகத்தையும் ஒப்பிடுகின்றன. பின் சில்லு மிகுதியாகச் சுழலுமாயின், எஞ்சினின் தீப்பொறியைத் தாமதித்தோ, எரிபொருளைக் குறைத்தோ, காற்று வாயிலை ஒடுக்கியோ கணினி வலுவைத் தணிக்கும். ஹொண்டா 1992 இல் எஸ்.ரீ. 1100 வண்டியில் இதனை ஏ.பி.எஸ். உடன் இணைத்து வெளியிட்டது. பந்தய வண்டிகளிற் பழகிய நுட்பம் 2008 இல் டுக்காட்டியின் 1098 ஆர் வாயிலாக வீதிக்கும் வந்தது.

வளைவில் சாய்ந்துள்ள வண்டியின் பின் சில்லு வழுக்கினால், வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக விலகும். அஞ்சிய செலுத்துவோன் வலக்கைப் பிடியைச் சட்டென மூடினால், ரயர் திடீரென மீளப் பற்றி வண்டியை நிமிர்த்தி அவனை மேலே தூக்கி எறியும். மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்களிற் கொடியவற்றுள் இது ஒன்று. இழுவைக் கட்டுப்பாடு வலுவைச் சிறிது சிறிதாகக் குறைத்து இந்நிலை எழாது காக்க முயல்கின்றது. சாய்வையும் அளக்கும் உணரிகள் சேர்ந்த பின்னர் இக்காவல் மேலும் நுண்மை பெற்றது. பொஷ் நிறுவனத்தின் அத்தகைய அமைப்பு 2013 இல் கே.ரீ.எம். 1190 அட்வென்சர் வண்டியில் முதன்முதல் இடம்பெற்றது. வளைவிற் சாய்ந்த நிலையிலும் ஏ.பி.எஸ். அளவறிந்து தொழிற்படும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

ஆனால், இழுவைக் கட்டுப்பாட்டின் ஆட்சி எஞ்சினின் மீது மாத்திரமே. அளவு கடந்த வேகத்துடன் வளைவினுட் புகுந்த வண்டியின் முன் ரயர் வழுக்குமாயின், அதனைத் தடுக்க அதற்கு ஆற்றலில்லை. மேலும் ஆழ்ந்த மணலிலும் சேற்றிலும் பின் சில்லு ஓரளவு சுழன்று மண்ணை வாரி எறிந்தாலன்றி வண்டி முன்னேறாது. அங்கே கட்டுப்பாடு உச்ச அளவில் இருப்பின், சில்லு சுழலும்தோறும் வலு அறுபட்டு வண்டி புதையுண்டு நிற்கும். ஏற்றத்தின் நடுவே இவ்வாறு நிற்பது வீழ்ச்சிக்கு வழியாகும்.

வலுநிலை

முன்னைய வண்டிகளில் வலக்கைப் பிடியைத் திருகியவுடன் ஒரு கம்பி காற்று வாயிலை நேரே இழுத்துத் திறந்தது. கை எவ்வளவு திருகியதோ வாயில் அவ்வளவு திறந்தது. யமஹா நிறுவனம் 2006 இல் ஆர் 6 வண்டியில் மின்மோட்டாரினால் வாயிலைத் திறக்கும் முறையைப் புகுத்தியது. இத்தகைய முறையிற் கை வேண்டியதைக் கணினி முதலிற் கேட்டு, எவ்வளவு வழங்கல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. சுசுக்கியும் 2007 இல் ஜீ.எஸ்.எக்ஸ். ஆர் 1000 வண்டியில் மூன்று வலுநிலைகளை அமைத்தது. 2009 இல் வெளிப்படுத்தப்பட்ட பீ.எம்.டபிள்யூ. எஸ் 1000 ஆர்.ஆர். வண்டியின் எஞ்சின் 193 பரிவலு உடையது. மழை நிலையில் அது ஏறத்தாழ 150 ஆகக் குறைக்கப்பட்டது.

வலுநிலை மாற்றம் இருவகைப்படும் என்பதனை 2010 ஆம் ஆண்டின் டுக்காட்டி மல்ரிஸ்ட்ராடா 1200 தெளிவாகக் காட்டும். அதன் நான்கு நிலைகளுள் ஸ்போட், டுவரிங் ஆகிய இரண்டும் 150 பரிவலுவையே தருவன. எனினும் முன்னதில் அது சட்டெனவும் பின்னதில் மெல்லெனவும் வெளிப்படும். அர்பன், என்டூறோ ஆகிய இரண்டிலும் உச்ச வலுவே 100 பரிவலுவாகக் குறைக்கப்படும். ஆகவே ஒருவகை மாற்றம் வலுவின் விரைவைத் தணிக்கின்றது. மற்றது வலுவின் அளவையே தணிக்கின்றது. நகரத்து நெரிசலில் முதற்கண் வேண்டுவது முன்னதே. கையின் சிறு நடுக்கமும் பாய்ச்சலாக மாறாதிருத்தலே அங்கு நன்மை.

இழுவைக் கட்டுப்பாட்டுக்கும் வலுநிலைக்கும் உள்ள வேறுபாடு இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. வலுநிலை பிழை நிகழுமுன் கேள்வியைக் குறைப்பது. இழுவைக் கட்டுப்பாடு பிழை நிகழத் தொடங்கிய பின் அதனைத் திருத்துவது. வரவறிந்து செலவிடுபவனுக்குக் கடன் தேவையில்லை. அதுபோல, வலுநிலையை வீதிக்கேற்பத் தெரிந்தவனுக்கு இழுவைக் கட்டுப்பாடு அரிதாகவே தொழிற்படும். அதன் விளக்கு அடிக்கடி மினுங்குமாயின், பிடிப்பின் எல்லையில் வண்டி ஓடுகின்றது என்பதே பொருள். அதனைப் பாதுகாப்பின் அறிகுறியாகக் கொள்ளுதல் தவறு.

தெரிவு செய்யும் முறை

இவ்வடிப்படைகளைக் கொண்டு நோக்கின், தெரிவுக்கு ஓர் ஒழுங்கு புலனாகும். முதலில் வீதியை அறிதல் வேண்டும், அதன்பின் ஏ.பி.எஸ்., அதன்பின் இழுவைக் கட்டுப்பாடு, ஈற்றில் வலுநிலை என்னும் வரிசையில் முடிவு செய்தல் நன்று. தவறினால் உயிருக்கு நேரும் கேடு எதில் மிகுதியோ அதனை முதலில் தீர்ப்பதே இவ்வரிசையின் காரணம்.

உலர்ந்த தார் வீதியில் ஏ.பி.எஸ். முழுமையாக இருத்தல் வேண்டும். இழுவைக் கட்டுப்பாடு நடுத்தர அளவிற் போதும். வலுநிலை செலுத்துவோனின் பழக்கத்துக்கேற்ப அமையலாம். புதிய வண்டியைப் பழகும் காலத்தில் மெல்லென வலுத் தரும் நிலையே உகந்தது.

நனைந்த வீதியில், சிறப்பாக நெடுநாள் வெயிலின் பின் பெய்யும் முதல் மழையில், படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்கலை மிகுவிக்கும். வீதியிற் பூசிய வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் இலைச் சருகுகளும் அப்போது பெரும் பகையாகும். அங்கே ஏ.பி.எஸ். முழுமையாகவும், இழுவைக் கட்டுப்பாடு உயர்ந்த அளவிலும், வலுநிலை மழைக்குரியதாகவும் இருத்தல் வேண்டும்.

இறுகிய சரளை வீதியில் முன் சில்லின் ஏ.பி.எஸ். இருக்க, பழகியவர் பின் சில்லினதை நீக்கலாம். பழகாதவர் அதனையும் நீக்காது வேகத்தைக் குறைத்தலே நலம். இழுவைக் கட்டுப்பாடு சிறிது சுழற்சிக்கு இடமளிக்கும் தாழ்ந்த அளவிலும், வலுநிலை மெல்லியதாகவும் அமைதல் வேண்டும். ஆழ்ந்த மணலிலும் சேற்றிலும் இழுவைக் கட்டுப்பாட்டை மிகத் தாழ்த்துதலோ நீக்குதலோ தகும். பின்னே ஒருவரை ஏற்றிச் செல்லும்போது வண்டியின் நிறை மிகுந்து பின்னோக்கிச் சாய்வதால், விரைந்து புறப்படும் வேளையில் முன் சில்லு எளிதில் இலேசாகும். அப்போதும் மெல்லிய வலுநிலையே ஏற்றது.

எண்களைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. ஆபிரிக்கா ருவினின் 2018 ஆம் ஆண்டு வகையில் இழுவைக் கட்டுப்பாட்டுக்கு ஏழு படிகள் உள. அங்கே 1 என்பது மிகக் குறைந்த காவல். 7 என்பது மிகுந்த காவல். வலுநிலையிலோ 1 என்பதே உச்ச வலு. இரண்டையும் 1 இல் வைத்தவன் சிறிய எண் சிறிய ஆபத்து என எண்ணியிருப்பின், மிகுந்த வலுவையும் குறைந்த காவலையும் ஒருங்கே தெரிந்தவனாவான். நிறுவனந்தோறும் வழக்கு வேறுபடலாம். ஆதலின் வண்டியுடன் தரப்படும் கைந்நூலை வாசித்தல் வண்டியை வாசித்தலேயாகும். திறப்பை மூடித் திறந்தவுடன் நீக்கப்பட்ட ஏ.பி.எஸ். தானே மீளுதல் பல வண்டிகளின் இயல்பு. காட்டுவழியில் இளைப்பாறிப் புறப்படுவோன் இதனை மறந்தால், நீக்கியதாக நம்பிய காவல் இறக்கத்தில் எதிர்பாராது தொழிற்படும். ஆகவே ஒவ்வொரு முறையும் புறப்படுமுன், வண்டி நிற்கும்போதே, அளவுகளை நோக்குதல் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்ந்த ரயரும் குறைந்த காற்றும் எந்தக் கட்டுப்பாட்டையும் பொய்யாக்கும். கணினி அளப்பது சில்லின் சுழற்சியையே. ரயரின் முதுமையை அது அறியாது.

முடிவு

கட்டுப்பாடு மூன்றும் மனிதனின் பிழையைப் பொறுத்தருளும் கருவிகள். பிழை செய்வதற்கு அளிக்கப்பட்ட உரிமைச் சீட்டுக்கள் அல்ல. கையை விட விரைவாக அவை தொழிற்படுகின்றன. ஆனால் கண்ணைப் போல முன்னோக்கிப் பார்க்க அவற்றுக்கு இயலாது. வளைவின் அப்பால் மணல் சிந்திக் கிடப்பதையும், ஒழுங்கையினின்று பிள்ளையொன்று ஓடிவரக்கூடும் என்பதையும் எந்த உணரியும் முன்கூட்டி உரையாது. சில்லு வழுக்கத் தொடங்கிய பின்னரே அவை விழித்தெழுகின்றன. வழுக்காத வேகத்தைத் தெரிதல் செலுத்துவோனுக்கே உரிய கடமையாக எஞ்சுகின்றது. மூன்று பொத்தான்களையும் இடமறிந்து வைப்பவன், அவற்றின் துணை ஒருநாளும் தேவைப்படாதவாறு ஓட்டுவானாயின், அவனே அவற்றின் முழுப் பயனையும் பெற்றவனாவான்.